ஓமும் மாட்டனும்

மெல்பேர்ணில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் நான் ஒரு மோட்டரை எரித்துப்போட்டேன்.

பட்டறை மல்கிரேவ் பக்கம். எழுபதுகளில் அங்கே பாதி தொழிற்சாலை, பாதி கோவா, மரக்கறித் தோட்டம். எரிந்துபோன மோட்டர்கள் எங்களிடம் வரும். பழைய கம்பியை வெட்டி எடுத்து, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் தோய்த்துக் காயவைத்து அனுப்புவோம். எனக்கு இந்த வேலை புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டத்து வோட்டர் பம்புகளுக்கு மோட்டர் சுற்றினவன். படிப்பு எட்டாம் வகுப்பு. மனைவி நேர்ஸ். இந்த நாடு விசா கொடுத்தது அவளுக்குத்தான். நான் அவளுடைய பெட்டிகளோடு வந்த இன்னொரு பெட்டி.

எனக்கு எதிர் மேசையில் ஒரு ஜேர்மன்காரர். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். முதுகு கொஞ்சம் பிடிப்பு. ஆனாலும் வளையமாட்டார். நான் சுற்றி முடித்த மோட்டர் சரியா பிழையா என்று பார்த்து அட்டையில் கையெழுத்து வைப்பது அவர் வேலை.

அன்று மீற்றர் என் மேசையில் இருந்தது. கம்பியில் பிடித்தபடி நின்றேன். அவர் தன் மேசையிலிருந்து பேனையை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"ஓம்?"

நான் திகைத்துப்போனேன். ஒரு வெள்ளைக்காரர் எங்கள் பாசையில் சரியோ என்று கேட்கிறார். சந்தோசமாகவும் இருந்தது.

"ஓம்," என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம்?" என்று திரும்பவும் கேட்டார்.

"ஓம், ஓம்."

அந்த நேரம் ஸ்மோக்கோ மணி அடித்தது. காலைத் தேத்தண்ணி நேரத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்து வைத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து கறண்ட் கொடுத்தார்கள். மோட்டர் உறுமியது. பிறகு புகைந்தது.

போர்மன் ஓடி வந்தார். ஒஸ்ரேலியர். கத்தத் தொடங்கமுன்னமே ஜேர்மன்காரர் சொன்னார்: "கையெழுத்து என்ர. பிழையும் என்ர." போர்மன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ஜேர்மன்காரர் என்னிடம் வந்தார். "நான் இலக்கம் கேட்டனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யெஸ் எண்டு சொன்னனான்."

"இல்லை. ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"அதுதான் எங்கட யெஸ்."

மீற்றரின் முகப்பைக் காட்டினார். குதிரை லாடம் மாதிரி ஒரு குறி. நான் ஊரில் மீற்றர் பாவித்ததில்லை. பல்ப் ஒன்றைக் கொழுவிப் பார்த்துத்தான் பழக்கம். "இது ஓம். கம்பி கறண்டுக்கு எவ்வளவு மாட்டன் எண்டு சொல்லுது எண்டு அளக்கிறது. நீங்கள் சுத்தின கம்பி ஒரு இடத்தில ஒண்டோட ஒண்டு முட்டியிருக்கு. மாட்டன் போதாது. அதுதான் எரிஞ்சது."

"சரி."

"உலகத்தில எல்லாரும் மாட்டனை அளக்கிற சொல்லை நீங்கள் யெஸ்ஸுக்கு வச்சிருக்கிறியள்."

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்வது.

அவர் சிரித்தார். அந்த மனிதன் சிரிப்பதை அந்த வருடத்தில் நான் நாலு தரம் கண்டிருப்பேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் மிஸ்டர் ஓம். அவருக்கு ஏற்கெனவே சார்ஜன்ற் என்று பெயர் இருந்தது. பக்கத்து மேசைக் கிரேக்கன் காலையில் அவரைக் கண்டால் குதியை அடித்துச் சல்யூட் வைப்பான். அவர் பார்க்காத மாதிரிப் போவார்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலிஷில் நீயும் நீங்களும் ஒன்றுதான். நாங்கள் பேசினது அரைகுறை இங்கிலிஷ். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. நான் எழுதும்போது இரண்டு பேருக்கும் நீங்கள் என்று போடுகிறேன். அவர் பாசையிலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டாம். அதைப்பற்றிப் பிறகு வரும்.

எனக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. மேல் தட்டில் இருக்கும் கம்பிச் சுருளை இடது கையால்தான் எடுப்பேன். ஒரு நாள் அவர் எழும்பி வந்து எடுத்துத் தந்துவிட்டுக் கேட்டார்.

"விழுந்தனீங்களோ?"

"ஆமி அடிச்சது."

"எந்த ஆமி?"

"எங்கட நாட்டு ஆமி."

அவர் கேட்டதால் சொன்னேன். எனக்கு இருபது, இருபத்தொரு வயது. யாழ்ப்பாணம் கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், அதன் வாசலில் சனம் கிழமைக்கணக்காகக் குந்தியிருந்தது. எங்கள் பாசைக்கு உரிமை கேட்டு. நானும் போய் இருந்தேன். கடைசியில் ஆமியை விட்டார்கள். ஒருத்தன் எனக்கு முன்னால் வந்து துவக்கைத் திருப்பிப் பிடித்து ஓங்கினான். என் வயதுதான். ஓங்கினவன் ஒரு கணம் நின்றான். பின்னால் யாரோ கத்தினார்கள். அடித்தான்.

"நிண்டவனோ?" என்று கேட்டார்.

"நிண்டவன்."

"எவ்வளவு நேரம்?"

"மூச்சு எடுக்கிற நேரம்."

அவர் கம்பிச் சுருளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் தானாகச் சொன்னார். "நான் ரெண்டு ஆமியில இருந்தனான்."

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ஒரு ஸ்மோக்கோவில் இரண்டு வசனம். மத்தியானச் சாப்பாட்டில் மூன்று. நானும் கேட்டுத் துளைக்கிற ஆள் இல்லை.

முதலாவது ஆமிக்கு அவரைப் பதினேழு வயதில் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் உலகச் சண்டை முடிகிற வருடம். அந்த ஆமிக்கு அவர்கள் ஒரே ஒரு மனிதனின் பெயரில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த மனிதன் செத்தான், சண்டை தோற்றது, சத்தியமும் போய்விட்டது. அந்த நாட்களைப்பற்றி அவர் அதற்குமேல் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

தோற்ற பிறகு அந்த நாட்டுக்கு ஆமியே வேண்டாம் என்று வென்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் போனது. பிறகு அதே வென்றவர்களே, கிழக்கே ரஷ்யாக்காரன் நிற்கிறான், நீங்களும் ஒரு ஆமி வைத்திருங்கள் என்று கேட்டார்கள். சனத்துக்கு விருப்பமில்லை. அப்போது தெருவில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு இருந்ததாம்: நான் இல்லாமல் செய்யுங்கோ.

"நீங்கள் ஏன் போனனீங்கள்?"

"எனக்கு வேற வேலை தெரியாது. புது ஆமி எண்டு சொன்னாங்கள். புதுசு எண்டால் எப்பிடி எண்டு பாக்க ஆசை."

முதல் உடுப்பு அமெரிக்கன் உடுப்பு மாதிரி. போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால், ஹோட்டலில் பெட்டி தூக்குகிற வேலையோ என்று கேட்டார்களாம். ரயிலில் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். ஒரு பொம்பிளை எழும்பிப்போய் நின்றுகொண்டு வந்தாவாம். "அந்த அம்மாவின்ர பிள்ளையள் முதல் ஆமியில செத்திருக்கும்," என்றார்.

ஆனால் அவருக்கு அந்த ஆமியில் நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்தது ஒரு சின்னப் புத்தகத்தால். சிப்பாயும் நாட்டில் ஒரு ஆள், வோட்டுப் போடலாம், மேலே உள்ளவனைப்பற்றி முறைப்பாடு எழுதலாம் என்று அதில் இருந்ததாம். மனிதத் தன்மைக்கு மாறாக ஒரு கட்டளை வந்தால் மாட்டன் என்று சொல்லலாம். குற்றமான கட்டளை என்றால் மாட்டன் என்று சொல்லியே ஆக வேண்டும். புதுப் பெடியன்களுக்கு அந்தப் புத்தகத்தை வாசித்துப் படிப்பிக்கிறதுதான் அவர் வேலை. சார்ஜன்ற் என்று கிரேக்கன் கூப்பிட்டது சும்மா இல்லை.

"உங்கட ஆமி சண்டைக்குப் போனதோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒருக்காலும் இல்லை. சண்டை வராமல் பாத்துக்கொண்டு நிக்கிறது."

"அப்ப வோச்சர் வேலை."

"ஓம். வோச்சர். நாட்டை ரெண்டாப் பிரிச்சாங்கள். கேற்றுக்கு அங்கால நிக்கிற வோச்சரும் ஜேர்மன்காரன். என்ர தமையன்ர மகன் அங்கால."

ஒரு முறை மட்டும் உண்மையான வேலை வந்தது. வடக்கே கடல் ஊருக்குள் வந்துவிட்டது. இவர்கள் வள்ளத்தில் போய்க் கூரையில் இருந்த சனத்தை இறக்கினார்கள். நாலு நாள் நித்திரை இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஒரு கிழவர் எழும்பித் தன் இடத்தைக் கொடுத்தாராம். "அந்தக் கிழமை மட்டும்தான் நான் உடுப்பைக் கழட்டாமல் வீட்டை போனனான்," என்றார்.

அவ்வளவு விருப்பமான ஆமியை விட்டு ஏன் ஒஸ்ரேலியா வந்தார் என்று அவர் சொல்லவில்லை. பெண்சாதியும் சின்ன மகனும் கூட வந்தார்கள். அந்த அம்மாவுக்கு இங்கே பிடிக்கவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். இவர் நின்றுவிட்டார். வாடகை வீடு, ஒரு கட்டில், ஒரு ரேடியோ.

எழுபதுகளின் கடைசி. அந்த வருடம் எங்கள் நாட்டில் கலவரம். கொழும்பிலிருந்த என் தம்பி குடும்பத்தோடு கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான் என்று கடிதம் வந்தது. அதே மாதம்தான் அவருக்கும் மகனிடமிருந்து கடிதம் வந்தது. மகனுக்குப் பத்தொன்பது வயது. அங்கே பெடியன்கள் எல்லாரும் ஒரு வருடத்துக்கு மேல் ஆமியில் இருக்க வேண்டும். மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் போகாமல் விடலாம். அதற்கு மூன்று நாலு பேர் மேசை போட்டு இருந்து விசாரிப்பார்களாம். அந்த வருடம் புதுச் சட்டம் வந்து விசாரணையை எடுத்துவிட்டது. மாட்டன் என்று எழுதிப் போட்டால் போதும். ஒரு போஸ்ட்காட் காணும் என்று சனம் பேசிக்கொண்டதாம்.

"போஸ்ட்காட்," என்று அவர் கடிதத்தை என் முன்னால் ஆட்டினார். "நான் எட்டு வருசம் இருந்த ஆமி. இவன் கடலுக்குக் குளிக்கப் போனவன் மாதிரி ஒரு போஸ்ட்காட் போடப்போறானாம்."

"போட்டுட்டானோ?"

"எழுதி வச்சிருக்கிறானாம். எனக்குக் கோவம் இல்லை எண்டு நான் ஒரு வரி எழுதினால் போடுவானாம். அதுவரைக்கும் வச்சிருப்பானாம்."

"அப்ப எழுதுங்கோ."

"எனக்குக் கோவம் இருக்கு."

அவர் சொன்ன நியாயம் இதுதான். நல்ல பெடியன்கள் எல்லாரும் வீட்டில் நின்றால் ஆமியில் மிச்சம் நிற்பது யார்? கட்டளை பிழை என்று தெரிந்து மாட்டன் என்று சொல்லக்கூடியவன் உள்ளேதான் நிற்க வேண்டும். வெளியில் நின்று சொல்கிற மாட்டன் யாருக்கு உதவும்?

எனக்கு அது சரி மாதிரியும் இருந்தது. பிழை மாதிரியும் இருந்தது. 

கடிதம் அவருடைய வேலைச் சட்டைப் பையில் இருந்தது. கிழமைக்கு ஒரு தரம் கேட்பேன்.

"எழுதினனீங்களோ?"

"நாலு பக்கம் எழுதினன்."

"போட்டனீங்களோ?"

"கிழிச்சன்."

கடிதத்தில் மகன் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் அவரால் பதில் எழுத முடியவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. செப்ரெம்பர் போனது, ஒக்ரோபர் போனது. கிறிஸ்மஸுக்குப் பட்டறையை மூன்று கிழமை பூட்டினார்கள். திரும்பத் திறந்தபோது சரியான வெக்கை. தகரக் கூரை. அவர் கதிரையில் இருந்தார். மேசையில் புதுக் கடிதம் ஒன்று.

"சட்டத்தை நிப்பாட்டிப் போட்டாங்கள்," என்றார்.

"ஆர்?"

"கோடு. உயர்ந்த நீதிமன்றம். போஸ்ட்காட் இனிச் செல்லாது. திரும்ப விசாரணை."

"மகன் போடேல்லயோ?"

"இல்லை. எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறான்."

அவன்மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதன். அன்று முகத்தில் கோபம் இல்லை. ஒன்றும் இல்லை. மோட்டரைக் கொண்டுபோய் வைத்தேன். மீற்றரைப் பிடித்தார். இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுதவில்லை. கடைசியில் நான்தான் அட்டையில் எழுதினேன்.

மகன் அந்தக் கடிதத்திலும் தகப்பனை ஏசவில்லை. ஒரு உதவி கேட்டிருந்தான். விசாரணையில் குடும்பத்தைப்பற்றிக் கேட்பார்களாம். இரண்டு ஆமியிலும் இருந்த தகப்பன், ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்று உண்மையை எழுதித் தந்தால் அவனுக்கு உதவியாக இருக்குமாம். முதல் கடிதத்தில் கேட்டதும் அதுதான்: அந்த ஆமி அவ்வளவு நல்லது என்றால் நீங்கள் ஏன் விட்டீர்கள்?

இரண்டு மூன்று நாள் கழித்து மத்தியானம். வெளியில் வேலி ஓரம் நிழலில் இருந்து சாப்பிட்டோம். நான் புட்டு. அவர் பாண்.

"உங்களை அடிச்சவன்," என்று தொடங்கினார். "அவன் ஆமிக்கு வராமலே இருந்திருக்க வேணுமோ? இல்லாட்டி வந்து நிண்டு, மாட்டன் எண்டு சொல்லியிருக்க வேணுமோ? எது உங்களுக்கு நல்லம்?"

நான் புட்டைச் சாப்பிட்டு முடித்தேன். இப்படி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.

"அவன் வராட்டி இன்னொருத்தன் வந்து அடிச்சிருப்பான்," என்றேன். "வந்து நிண்டு மாட்டன் எண்டிருந்தால் என்ர தோள் தப்பியிருக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றன்."

"ஆனா அப்பிடிச் சொன்ன ஒருத்தனை நான் காணேல்ல. நீங்கள் கண்டனீங்களோ?"

அவர் பாணைக் கடதாசியில் சுற்றினார். திரும்ப அவிழ்த்தார். பிறகு சொன்னார்.

புது ஆமியில் ஒரு மாரி காலம். காலையில் அவர் வகுப்பு எடுத்தார். எந்தக் கட்டளைக்கு மாட்டன் சொல்லலாம் என்று கேட்டார். ஒரு பெடியன் எழும்பி வடிவாகச் சொன்னான். கெட்டிக்காரன் என்று பாராட்டினார். மத்தியானம் பயிற்சி. பனி கொட்டுகிறது. வாய்க்கால் தாண்டி வந்ததில் அந்தப் பெடியனுடைய சப்பாத்துக்குள் தண்ணீர். சப்பாத்து ஈரம் என்று ஒரு தரம் சொன்னான். இவர் காவலுக்கு நில்லுங்கள் என்றார்.

"நீங்கள் எண்டுதான் சொன்னனான்," என்றார். "புது ஆமியில சிப்பாயை நீ எண்டு சொல்லப்படாது. மரியாதையாகத்தான் சொன்னனான். அவன் யாவோல் எண்டான்."

"யாவோல் எண்டால்?"

"உங்கட ஓம். ஆனா நிமிந்து நிண்டு சொல்ற ஓம்."

நாலு மணித்தியாலம் நின்றான். அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவரும் கேட்கவில்லை. சப்பாத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். குளிரில் விறைத்து மூன்று கால்விரல் போய்விட்டது.

"விசாரிச்சாங்கள். கட்டளையில பிழை இல்லை எண்டு எழுதினாங்கள். அது உண்மை. பிழை இல்லை. அவன் போகேக்க தடி ஊண்டிக்கொண்டு வந்து எனக்குச் சல்யூட் வச்சிட்டுப் போனான்."

நான் புட்டுப் பாத்திரத்தை மூடினேன்.

"முதல் ஆமி எண்டால் எனக்கு ஒரு சாட்டு இருக்கு. பதினேழு வயசு. எல்லாரும் செய்தாங்கள். இதுக்குச் சாட்டு இல்லை. மாட்டன் எண்டு சொல்லப் படிப்பிச்சதும் நான். அந்த மாட்டனைக் கேக்காமல் விட்டதும் நான்."

"இதை எழுதுங்கோ," என்றேன்.

"எதை?"

"இப்ப எனக்குச் சொன்னதை."

"அது அரசாங்கத்துப் பைலில போய்க் கிடக்கும். என்ர பெயரோட."

"ஓம்."

"நான் நல்லது எண்டு நம்பின ஆமிக்கு எதிரா, என்ர கையெழுத்தோட."

"ஓம். பெடியன் காத்துக்கொண்டு இருக்கிறான்."

மணி அடித்தது. உள்ளே போனோம். நான் அவ்வளவு பேசியது அந்தப் பட்டறையில் அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் தொடங்கினார். வேலை அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதினார். ஸ்மோக்கோவில், மத்தியானத்தில். நாலு நாள். கிரேக்கன் எட்டிப் பார்த்து, "சார்ஜன்ற், லவ் லெற்றரோ?" என்றான். "ஓம்," என்றார் இவர், நிமிராமல். எங்கள் ஓமா, மீற்றர் ஓமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்டார். "‘காலில காயம்’ எண்டு எழுதினால் போதுமோ?"

"எத்தினை விரல்?"

"மூண்டு."

"மூண்டு எண்டு எழுதுங்கோ."

எழுதினார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து தபால் கந்தோர்வரை கூடப் போனேன். பெட்டியில் போட்டுவிட்டு வெளியில் வந்து காரில் சாய்ந்து நின்றார். ஒரு சிகரெட் முடியுமட்டும் நின்றார். நானும் நின்றேன்.

குளிர் காலத்தில் பதில் வந்தது. விசாரணையில் தோற்றுவிட்டான். கடிதத்தை வாசித்தார்களாம். வாசித்துவிட்டு மேசையில் இருந்த ஒருவர், இது உங்களுடைய தகப்பனின் மனச்சாட்சி, உங்களுடையது எங்கே என்று கேட்டாராம். 

இதை ஸ்மோக்கோவில் எனக்குச் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்தார். வேலைக்குப் போனார். அன்று பதினொரு மோட்டர் பார்த்தார். எல்லாம் சரியாகப் பார்த்தார்.

இரண்டாம் தரம் மனுப்போடலாம் என்று இருந்தது. மகன் போட்டான். அந்தக் கிழமைகளில் அவர் மெலிந்துபோனார். நான் புட்டு ஒரு பங்கு கூடக் கட்டிக்கொண்டு போனேன். சாப்பிடுவார். உறைக்கிறது என்று சொல்லமாட்டார். கண்ணில் தண்ணீர் வரும்.

வருடம் முடியுமுன் மகனை ஆமிக்குப் போகாமல் விட்டுவிட்டார்கள். இந்த முறை என்ன கேட்டார்கள், மகன் என்ன சொன்னான் என்று கடிதத்தில் இல்லை. ஆமிக்குப் பதில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். ஏலாத கிழவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, படுக்கையில் பக்கம் திருப்பிவிடுகிற வேலை. ஆமியில் நிற்கிற காலத்தைவிட இது கூடக் காலம். கிழவர்களில் பாதிப்பேர் அந்த முதல் ஆமியில் இருந்தவர்கள். முதுகு முறிகிறது என்று மகன் எழுதியிருந்தான். திருப்பத் தெரியவில்லை, அவர்களுக்கும் நோகிறது, எனக்கும் நோகிறது.

அதை வாசித்துவிட்டு அவர் என்னைக் கேட்டார். "உங்கட மனுசி நேர்ஸ்தானே?"

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல சட்டை, கழுத்துப்பட்டி. கையில் கொப்பியும் பேனையும். என் மனைவி ஐந்து அடி இல்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் என்னிடம். "செற்றியில கிடக்கிற உடுப்புகளை எடுங்கோ. பெட்சீற் ஒண்டு கொண்டு வாங்கோ." பிறகு அவரிடம் இங்கிலிஷில், "சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் படுங்கோ."

"நான் எழுத வந்தனான்," என்றார்.

"எழுதிப் படிக்க ஏலாது. படுத்துத்தான் படிக்க வேணும். எழுத்து வேலையை இவர் பாப்பார்."

படுத்தார். செற்றிக்கு வெளியே கால் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. நான் கொப்பியோடு கதிரையில் இருந்தேன்.

"நீங்கள் இப்ப ஏலாத மனுசன். கை கால் ஆட்டப்படாது."

"யாவோல்."

"கதைக்கவும் வேண்டாம்."

பெட்சீற்றை அவருக்குக் கீழே விட்டாள். ஒரு கையை நெஞ்சில் வைத்தாள். தூரத்து முழங்காலை மடக்கினாள். தன் ஒரு காலை முன்னுக்கு வைத்து, சீற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்தாள். அவ்வளவு பெரிய ஆள் உருண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கே ஆச்சரியம். இருபது வருடம் அவள் செய்கிற வேலை. நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எழுதினனீங்களோ?" என்றாள்.

"எழுதுறன்."

குனிந்து அவரைக் கேட்டாள். "நோகுதோ?"

"இல்லை," என்றார் சுவரைப் பார்த்தபடி.

"பொய்," என்றாள். "இந்த முதுகை இப்பிடித் திருப்பினால் நோகாமல் இராது. கிழவங்கள் எல்லாம் இப்பிடித்தான். அதுவும் ஆமியில இருந்தவங்கள் எண்டால் செத்தாலும் நோகுது எண்டமாட்டாங்கள். நோகுது எண்டு சொல்லாட்டித் திருப்புறவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அவளுக்குப் பனியில் நின்ற பெடியனின் கதை தெரியாது. நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

"திரும்பக் கேக்கிறன்," என்றாள். "நோகுதோ?"

குசினியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. 

"நோகுது," என்றார்.

"எங்க?"

கையைப் பின்னால் கொண்டுவந்து காட்டினார். அவள் தலகாணியை மடித்து அந்த இடத்தில் வைத்தாள். "இப்ப?" என்று கேட்டாள். "கொஞ்சம் குறைவு," என்றார். "சரி, எழும்பலாம்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

அவர் எழும்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பினபடி கிடந்தார்.

"எழுதுங்கோ," என்றார் என்னிடம்.

"எல்லாம் எழுதிப்போட்டன். சீற், முழங்கால், சாயிறது."

"அதுகளுக்கு மேல எழுதுங்கோ. முதலாவதா."

கொப்பியின் மேல்பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"நோகுதோ எண்டு கேக்கவும்," என்றார். "இல்லை எண்டு சொன்னால் திரும்பவும் கேக்கவும்."

எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் எழுதினேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பாசையில் மாற்றி மகனுக்கு அனுப்பினார்.